புதிதாக வந்தவர்களுக்கு ஒரு துணைக்குழு: எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

#1 தோணி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர். வேறு வேறு வேலை பார்ப்பவர்கள், இந்த நாட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்கள். எங்கள் பகுதிக்கு இந்த ஒரு வருடத்தில் பல குடும்பங்கள் புதிதாக வந்திருக்கின்றன. சிலர் அகதிகளாக ஏற்கப்பட்டு வந்தவர்கள். சிலருக்குப் புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. சிலர் வேலை விசாவில் வந்தவர்கள். இவர்களுக்குத் துணையாக ஒரு சின்னக் குழு தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். துணிமணி, போர்வை, பாத்திரம் சேகரித்துக் கொடுப்பதுதான் முதல் திட்டமாக இருந்தது.

போன மாதம் நடந்த ஒன்று என் எண்ணத்தை மாற்றிவிட்டது. இரண்டு குழந்தைகளோடு வந்திருக்கும் ஒரு பெண், கைப்பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏதோ விளம்பரம் என்று நினைத்து மூன்று வாரமாக வைத்திருந்தாராம். படித்துப் பார்த்தால் அது அவருடைய புகலிட நேர்காணலுக்கான அழைப்பு. நான்கு நாளுக்கு முன்பே தேதி கடந்துவிட்டது. அதே பையில் நான்கு உதவி அமைப்புகளின் முகவரி அட்டைகள் இருந்தன. எல்லாம் நல்ல அமைப்புகள்தான். நான்கு பேரும் அவரை ஒரு முறை பார்த்திருக்கிறார்கள், அட்டை கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போர்வை கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த இடைவெளியில் நிற்கத்தான் யாரும் இல்லை என்று தோன்றுகிறது. எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் அதைச் செய்ய முடியுமா? எதைத் தொட்டால் அவர்களுக்கே கெடுதலாகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


#2 பழையகோப்பு

தோணி, முதலில் அந்தப் பெண்ணின் விஷயம். நாளைக்கே அவரை ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப் போங்கள். நேர்காணல் தவறிப்போனால் ஏன் தவறியது என்று எழுத்தில், உடனே, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிராகப் பேசும். கோரிக்கையைக் கைவிட்டுவிட்டார் என்று கோப்பை மூடிவிடக்கூட இடம் உண்டு. இதை முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

மீள்குடியமர்வுப் பணியில் 19 வருடம் இருந்தவன் நான். நீங்கள் கண்டது தற்செயலானதில்லை, சேவைகள் அமைக்கப்பட்டிருக்கும் விதமே அப்படி. எல்லாத் திட்டத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அமெரிக்காவின் வரவேற்புத் திட்டம் வந்த முதல் 90 நாளைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டது. கனடாவில் ஒரு குழு சேர்ந்து அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்றால் பொதுவாக 12 மாதம். ஜெர்மனியின் ஒருங்கிணைப்பு வகுப்பு வழக்கமாக 700 பாடவேளை, அதில் 600 மொழிக்கு, 100 அந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறைக்கு. பிரிட்டனில் நீண்ட காலமாக இருந்த விதி இன்னும் கொடுமை. புகலிடம் ஏற்கப்பட்ட பிறகு அரசு கொடுத்த தங்குமிடத்தைக் காலி செய்ய 28 நாள்தான். நல்ல செய்தி வந்த கையோடு தெருவுக்கு வந்தவர்கள் அங்கே உண்டு.

மனிதர்களின் தேவை இந்தக் கடிகாரப்படி வருவதில்லை. முதல் வாரம் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். பயணக் களைப்பு, பயம், நன்றியுணர்ச்சி எல்லாம் சேர்ந்திருக்கும். வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, மருத்துவ அட்டை, குப்பை எடுக்கும் நாள் என்று நாங்கள் அத்தனையையும் அந்த ஒரு வாரத்தில் கொட்டுவோம். ஒன்றும் மனதில் தங்காது. உண்மையான கேள்விகள் நாலாவது மாதம்தான் வரும். அப்போது எங்கள் பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் பெயருக்கு நேரே “முடிந்தது” என்று இருக்கும். இதை எழுதும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நானே எத்தனையோ கோப்பை அப்படி மூடியிருக்கிறேன்.

முதல் வாரத்துக்கு ஆள் இருக்கிறார்கள். உங்கள் குழு நாலாவது மாதத்துக்கு இருக்கட்டும்.


#3 நேர்வழி

நல்ல மனசு மட்டும் போதாது என்று சொல்லத்தான் வந்தேன். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், தன்னிடம் வந்த அகதி ஒருவருக்குக் கடவுச்சீட்டு காலாவதியாகிறதே என்று அக்கறைப்பட்டு, அவரை அவருடைய சொந்த நாட்டின் தூதரகத்துக்கே அழைத்துப் போய்ப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். அவர் செய்தது துளியும் கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் 1951 அகதிகள் உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே இருக்கிறது: தன் நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தானாக மறுபடி நாடினால் அகதி நிலை முடிவுக்கு வரலாம். “எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்ததாகச் சொன்னீர்களோ அதனிடமே போயிருக்கிறீர்களே” என்று அதிகாரி கேட்டால் என்ன பதில்? பயணம் போக வேண்டுமென்றால் அதே உடன்படிக்கையின் 28வது பிரிவுப்படி, வாழும் நாடே பயண ஆவணம் கொடுக்கும். அதை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. குடிவரவு ஆலோசனை கொடுப்பதற்கே பல நாடுகளில் உரிமம் வேண்டும். பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவோ விலக்கோ இல்லாத அமைப்பு இலவசமாக ஆலோசனை கொடுத்தாலும் குற்றம். கனடாவில் கட்டணம் வாங்கினால் உரிமம் கட்டாயம். உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்க்காமல் ஒரு படிவத்தையும் நிரப்பாதீர்கள். தேதி ஒன்று மாறினால், ஊர்ப் பெயர் ஒன்று தவறினால், “அன்று ஒன்று சொன்னீர்கள், இன்று ஒன்று சொல்கிறீர்கள்” என்ற கேள்வி வருவது உங்களிடம் இல்லை. அவரிடம்.


#4 தோணி

பழையகோப்பு ஐயா, இன்று காலை கூட்டிப் போய்விட்டேன். இலவசச் சட்ட உதவி மையத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

நேர்வழி, தவறாக எடுக்கவே இல்லை. தூதரக விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எங்கள் குழுவில் யாரும் அந்தத் தவறைச் செய்திருப்போம்.


#5 மூத்தமகள்

இந்த இழையில் இன்னும் யாரும் குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை.

நாங்கள் வந்தபோது எனக்கு 11 வயது. வீட்டில் முதலில் மொழி பிடித்தது நான்தான். ஆறே மாதத்தில் வீட்டின் தொலைபேசி என் கைக்கு வந்துவிட்டது. வாடகை பாக்கி, மின்கட்டணம், தம்பியின் பள்ளி ஆசிரியர் எல்லாம் நான்தான் பேசுவேன். அதெல்லாம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாள் அம்மாவோடு மருத்துவரிடம் போனேன். அம்மாவுக்குக் கரு கலைந்துவிட்டது என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டிய ஆளாக நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியில் என்ன என்று எனக்குத் தெரியாது. “ஓய்வெடுக்கச் சொல்கிறார்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து வேறொருவர் மூலம் அம்மா தெரிந்துகொண்டார். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இப்போது 34 வயது.

அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை. உரைபெயர்ப்பாளரை அழைக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கூடவே இருந்ததால் அழைக்கவில்லை. நோர்வேயில் 2022 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம், அவசரநிலை போன்ற சில விலக்குகள் தவிர, பொதுச் சேவைகளில் குழந்தைகளை உரைபெயர்க்க வைக்கக் கூடாது என்கிறது. அதைப் படித்த அன்று அழுதேன்.

தோணி, உங்களிடம் வரும் குடும்பங்களில் பேசுகிற பிள்ளை யார் என்று கவனியுங்கள். மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையைப் பாராட்டாதீர்கள். அதன் கையிலிருந்து தொலைபேசியை வாங்குங்கள்.


#6 இருமொழி

மூத்தமகள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நான் தொழில்முறை உரைபெயர்ப்பாளர். உங்கள் அம்மா மாதிரியானவர்களின் அறையில் இருப்பதுதான் என் வேலை, மகளே. அன்று அங்கே இருக்க வேண்டியது நீங்கள் இல்லை.

தோணிக்கு நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன். தொலைபேசி வழி உரைபெயர்ப்பு புதிய விஷயமே இல்லை. ஆஸ்திரேலியா 1973லேயே அவசரத் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. இன்று பல நாடுகளில் மருத்துவமனை, நீதிமன்றம், குடிவரவு அலுவலகம் ஆகிய இடங்களில் செலவில்லாமல் கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அதனால் உங்கள் குழு செய்யக்கூடிய முதல் உதவி: அந்த நாட்டு மொழியில் “எனக்கு இந்த மொழியில் உரைபெயர்ப்பாளர் தேவை” என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பது. சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். எங்கே போனாலும் முதலில் அதை நீட்டட்டும்.

கேட்கும்போது மொழியின் பெயர் மட்டும் போதாது. எந்த நாட்டு வழக்கு என்றும் சொல்ல வேண்டும். ஒரே மொழியில் ஒரே சொல்லுக்கு இரண்டு நாட்டில் இரண்டு பொருள் வரும்போது, வழக்கு விசாரணையில் அது ஆளையே கவிழ்க்கும். பெண்ணுக்குப் பெண் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உள்ளூரில் இருக்கும் நம் ஆள் கேட்டுவிடுவாரோ என்ற பயம் இருந்தால், வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுபவரைக் கேட்கலாம், தன் பெயரைச் சொல்லாமலே பேச முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

உரைபெயர்ப்பாளர் சொல்வது புரியவில்லை என்றால் அப்போதே நிறுத்திச் சொல்ல வேண்டும், “பரவாயில்லை, சமாளிக்கலாம்” என்று விடக் கூடாது. எழுதிய வாக்குமூலத்தைத் திரும்பப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது. இதை நேர்காணலுக்கு முந்தின நாள் சொன்னால் மறந்துவிடுவார்கள். ஒரு வாரம் முன்னால் ஒரு தடவை, அப்புறம் முந்தின நாள் ஒரு தடவை சொல்லுங்கள்.

நீங்கள் கூடப் போகலாம், பக்கத்தில் உட்காரலாம். அங்கே உரைபெயர்க்க மட்டும் வேண்டாம்.


#7 வாசற்படி

நான் அகதியாக வந்தவள். 14 வருடம் ஆகிறது. மேலே எழுதியவர்கள் எல்லாம் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

என்னை முதலில் ஏற்றுக்கொண்டது என் மொழிக்காரர்களின் குழு. இரவு பத்து மணிக்குப் போன் செய்தாலும் எடுப்பார்கள். வீடு பார்த்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். என் ஆவணங்களை “பத்திரமாக இருக்கட்டும்” என்று அவர்களில் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர்தான் வருவார், அவர்தான் பேசுவார். என் கணவர் ஏன் கூட இல்லை, பணம் எவ்வளவு வருகிறது, எந்த மருந்து சாப்பிடுகிறேன் எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டாவது வருடம் ஒரு கூட்டத்தில் அவருக்குப் பிடிக்காத கருத்து ஒன்றைச் சொன்னேன். அடுத்த வாரம் என் குடும்ப விஷயம் எல்லோர் வாயிலும் இருந்தது. என் ஆவணங்களைத் திரும்ப வாங்க மூன்று மாதம் ஆனது.

அதே காலத்தில் என் மொழி ஒரு சொல்கூடத் தெரியாத ஒரு பெண்மணி இருந்தார், வயதானவர், தன்னார்வலர். மொழி வகுப்புக்குப் போக என்னைப் பேருந்தில் அழைத்துப் போனார். இரண்டு முறை பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மூன்றாவது முறை நான்கு இருக்கை தள்ளிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார், நான் எங்கே இறங்குகிறேன் என்று பார்த்தார். நான்காவது முறை வரவில்லை. நிறுத்தத்தில் நின்று கையசைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் போனேன். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, நடந்து, வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அந்த நாட்டில் நான் முதன்முதலாகத் தனியாகச் செய்த காரியம் அது.

தோணி, உதவி தொடங்கும்போதே அது முடியும் நாளையும் யோசியுங்கள். யாருடைய ஆவணத்தையும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு இரவுகூட. ஒருவர் வீட்டு விஷயத்தைக் குழுவுக்குள்ளேகூடப் பேசாதீர்கள். ஆறு பேருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும்.


#8 பழையகோப்பு

வாசற்படி அம்மா சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இது ஒரு மொழிக்காரர்களின் குணம் இல்லை. சம்பளம் வாங்கும் அமைப்புகளிலும் இதே மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். “என் குடும்பங்கள்” என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உஷாராகிவிடும்.


#9 கைத்தொழில்

வேலையைப் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் நான்.

நம் ஆட்கள் புதியவருக்குச் செய்யும் பெரிய உதவி, தாங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே சேர்த்துவிடுவது. உடனே சம்பளம் வரும், மறுக்க முடியாது. ஆனால் பத்து வருடம் கழித்தும் அதே கூடத்தில் அதே பத்துப் பேரோடு நிற்பார்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973ல் எழுதிய ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகமானவர்களிடமிருந்தே அதிகம் கிடைக்கிறது என்று அவர் கண்டார். காரணம் எளிது. நம் நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். புதிதாக வந்தவரிடம் குறைவாக இருப்பது அந்த அரைகுறை அறிமுகங்கள்தான். உங்கள் குழு அவருக்கு வெளியாட்கள் நாலு பேரை அறிமுகம் செய்தாலே பெரிய காரியம்.

அப்புறம் படிப்புச் சான்றிதழ். “சான்றிதழ் எல்லாம் எரிந்துவிட்டது, படிப்பு போச்சு” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். 1997ல் லிஸ்பனில் ஏற்பட்ட தகுதி ஏற்பு உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஆவணம் இல்லாத அகதிகளின் படிப்பையும் மதிப்பிட்டு ஏற்க நாடுகள் நியாயமான வழி செய்ய வேண்டும் என்கிறது. 2017லிருந்து ஐரோப்பிய மன்றம் அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டு என்று ஒன்றையும் நடத்துகிறது. கையில் இருக்கும் ஆவணங்களையும் ஒரு நேர்காணலையும் வைத்து, இவர் இன்னது படித்திருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது உரிமம் ஆகிவிடாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டக் கையில் ஒரு தாள் கிடைக்கிறது.


#10 நேர்வழி

கைத்தொழில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் “கிடைத்த வேலையைப் பிடிக்காதே, படிப்பைத் தொடர்” என்று வசதியாக இருக்கும் நாம் சொல்லக் கூடாது. மீள்குடியமர்வில் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வருபவர்கள் பலருக்கு விமானப் பயணச் செலவே கடன். வட்டி கிடையாதுதான், ஆனாலும் திருப்பிக் கட்ட வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்ப வேண்டிய பணம் வேறு. வந்து இறங்கும்போதே கடனோடு இறங்கியவரிடம் மூன்று வருடப் படிப்பைப் பற்றிப் பேசினால் அவர் தலையாட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். இரண்டையும் சேர்த்து, வேலை நேரத்துக்கு வெளியே எந்த வகுப்பு இருக்கிறது என்று தேடிக் கொடுப்பதுதான் உதவி.


#11 புதுவரவு

வணக்கம். ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வந்து நாலு மாதம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஆள் நான்தான் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எனக்குச் சட்டை போதும். என்னிடம் ஏழு குளிர்ச்சட்டை இருக்கிறது. எனக்குத் தெரியாதது எது அவசரம் என்பதுதான். ஒரு நாளில் மூன்று கடிதம் வரும். எல்லாமே ஒரே மாதிரி உறை, ஒரே மாதிரி தடித்த எழுத்து. எதைத் திறந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. ஒன்று நூலக அட்டை, ஒன்று வரி, ஒன்று வழக்கு. மூன்றுக்கும் ஒரே பயம். எது இன்றைக்கு, எது அடுத்த மாதத்துக்கு என்று யாராவது பிரித்துக் கொடுத்தால் அன்று இரவு தூங்குவேன்.

இரண்டாவது, எங்கே போனாலும் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். வீட்டு வசதிக்கு ஒரு முறை, மருத்துவருக்கு ஒரு முறை, வகுப்பில் சேர ஒரு முறை, துணி கொடுக்க வந்தவர்கூடக் கேட்டார். சொல்லி முடித்த நாள் முழுக்க நான் அங்கேதான் இருப்பேன்.

மூன்றாவது. நான் மின்பணியாளன். 16 வருடம் வேலை செய்திருக்கிறேன். இந்த நாலு மாதத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சனி, ஞாயிறு எந்த அலுவலகமும் கிடையாது. அந்த இரண்டு நாள்தான் கஷ்டம். வழியில் பிரிந்துபோன என் தங்கையைப் பற்றி இன்னும் எந்தச் செய்தியும் இல்லை.


#12 இருமொழி

தம்பி, எழுதியதற்கு நன்றி. நாங்கள் இத்தனை பேர் எழுதியதைவிட நீங்கள் எழுதியதுதான் தோணிக்கு வேண்டியது.

தங்கையைப் பற்றி: நீங்கள் இருக்கும் நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்தையோ செம்பிறைச் சங்கத்தையோ கேளுங்கள். குடும்பத்தாரைத் தேடும் பிரிவு இருக்கும். கட்டணம் கிடையாது. பணம் கேட்டு யாராவது “கண்டுபிடித்துத் தருகிறேன்” என்றால் அங்கே நிற்காதீர்கள். முதல் உலகப் போர் தொடங்கிய 1914லேயே ஜெனீவாவில் செஞ்சிலுவை இதற்காக அட்டை அட்டையாக எழுதிவைத்துத் தேடத் தொடங்கியது. இன்றும் அந்த வேலை நிற்கவில்லை. ஐரோப்பா வழியாக வந்து பிரிந்தவர்களுக்காக 2013லிருந்து அவர்கள் ஒரு படத்தொகுப்பும் நடத்துகிறார்கள். அதில் தேடுபவரின் படம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. தங்கையின் படத்தையும் பெயரையும் சமூக ஊடகத்தில் நீங்களாகப் போட வேண்டாம். அவரைத் தேடக் கூடாதவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

செஞ்சிலுவையில் முதல் சந்திப்பில் விவரம் சொல்ல வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. முன்னமே ஒரு தாளில் உங்கள் மொழியில் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொல்லும் பாரம் பாதி குறையும்.


#13 மூத்தமகள்

புதுவரவு அண்ணா சொன்ன இரண்டாவது விஷயம் என் அப்பாவுக்கும் அப்படியே. அவர் எங்களிடமே சொன்னதில்லை. இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் வெளிச்சம் இருந்தால் நல்லது என்பார்.

சித்திரவதையிலிருந்து மீண்டவர்களுக்கென்றே தனி மையங்கள் இருக்கின்றன. 1982ல் கோபன்ஹேகனில் கெனெஃப்கே என்ற மருத்துவர் தொடங்கியதைப் போன்றவை இன்று பல நாடுகளில் உண்டு. அப்படி ஒரு இடம் இருப்பது எங்களுக்கு எட்டு வருடம் தெரியாது. தோணி, உங்கள் பகுதிக்கு எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். ஆனால் யாரையும் “உங்களுக்கு மனநோய்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். “தூக்கம் வராதவர்களுக்கு உதவுகிற இடம் ஒன்று இருக்கிறது” என்று சொன்னபோதுதான் அப்பா போனார்.


#14 நேர்வழி

முதலில் எழுதியபோது, இந்த மாதிரிக் குழுவே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கனடாவில் 1979, 1980ல் இந்தோசீன அகதிகள் சுமார் 60,000 பேர் வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பேற்றவர்கள் சாதாரண மக்கள், அக்கம்பக்கத்தார், வழிபாட்டுக் குழுக்கள். 1986ல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சன் பதக்கம் ஒரு தனி ஆளுக்கு இல்லாமல் கனடா மக்களுக்கே கொடுக்கப்பட்டது. பதக்கத்துக்குப் பெயர் தந்த நான்சனும் 1922ல் நாடற்றுப்போன ரஷ்ய அகதிகளுக்கு முதலில் ஏற்பாடு செய்து கொடுத்தது ஒரு தாளைத்தான். எல்லையில் நீட்டினால் ஏற்றுக்கொள்ளும் ஒரு அடையாளத் தாள். புதுவரவு கேட்பதும் கிட்டத்தட்ட அதுதானே, தாள்களைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஆள்.

செய்யுங்கள் தோணி. எல்லை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.


#15 வாசற்படி

புதுவரவு தம்பி, அடுத்த முறை துணி கொடுக்க வந்தவர் கதை கேட்டால் “இன்று சொல்ல முடியவில்லை” என்று சொல்லுங்கள். வழக்கறிஞர், நேர்காணல் அதிகாரி, மருத்துவர் தவிர வேறு யாருக்கும் நீங்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. எனக்கு இது புரிய நாலு வருடம் ஆயிற்று.


#16 தோணி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

அந்தப் பெண்ணுக்கு நேர்காணல் தேதி மறுபடி கொடுத்திருக்கிறார்கள். வழக்கறிஞர் எழுதிய விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். உரைபெயர்ப்பாளர் பெண்ணாக வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

துணி சேகரிப்பதை விட்டுவிட்டோம். நூலகத்தில் ஒரு மேசை தருகிறார்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், கடிதம் மட்டும். கொண்டு வரும் கடிதத்தைப் படித்து, இது என்ன, யார் அனுப்பியது, கடைசி நாள் எது என்று உறையின் மேல் அவர் மொழியிலேயே எழுதிக் கொடுக்கிறோம். புதுவரவு சொன்ன மாதிரி மூன்றாகப் பிரிக்கிறோம்: இன்றே, இந்த மாதத்துக்குள், வைத்துக்கொள்ள. படிவம் நிரப்புவதில்லை. வழக்கு சம்பந்தமான கடிதம் என்றால் சட்ட உதவி மையத்தின் எண்ணை எங்கள் முன்னாலேயே அழைக்கச் சொல்கிறோம். பிரதி எடுப்பதில்லை, எதையும் எங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் கூட வந்தால் நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு பையன், 12 வயது, முதல் வாரம் போகவே மாட்டேன் என்றான். அப்பாவுக்குப் புரியாது என்று நின்றான். இரண்டாவது வாரமும் நின்றான். போன வாரம் அவனாகப் போய்ப் படக்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் நாள் வந்தவர்கள் இரண்டு பேர். போன சனிக்கிழமை 17. ஒரு தவறும் நடந்தது. வரிக் கடிதம் ஒன்றை “வைத்துக்கொள்ள” என்ற பக்கத்தில் போட்டுவிட்டேன். அதன் பின்பக்கத்தில் 30 நாள் கெடு இருந்தது. வீட்டுக்குப் போன பிறகு நினைவு வந்து, அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பேர் பார்க்கிறோம்.

நாங்கள் பயன்படுத்தும் கேள்விப் பட்டியலைப் புதுவரவுக்குத் தனிமடலில் அனுப்பினேன். அவர் வேறு நாட்டில் இருக்கிறார், இருந்தாலும் அவர்தான் திருத்த வேண்டும் என்று தோன்றியது. எட்டுக் கேள்வியை ஐந்தாக்கிவிட்டார். நாங்கள் நாலாவதாக வைத்திருந்த “உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” என்பதை முதலில் போட்டுவிட்டார்.


#17 புதுவரவு

பட்டியல் அனுப்பிய பிறகு ஒன்று நினைவு வந்தது. எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கடிதத்தோடு உறையையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் உறையின் மேல் எழுதுவது நல்லது, ஆனால் தபால் முத்திரையின் மேல் எழுதிவிடாதீர்கள். என் கடிதம் ஒன்றில் உள்ளே இருந்த தேதிக்கும் முத்திரையில் இருந்த தேதிக்கும் ஒன்பது நாள் வித்தியாசம் இருந்தது. பதில் தாமதம் என்று சொன்னபோது வழக்கறிஞர் முதலில் கேட்டது அந்த உறையைத்தான். நான் அதைத் தூக்கிப் போட்டிருந்தேன். பக்கத்து அறையில் இருப்பவர் எதற்கும் இருக்கட்டும் என்று குப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்தார்.